ஏரியைத் தண்ணீர் இறங்கிய பிறகு போய்ப் பாருங்கள்

கம்மிங்கிலிருந்து:

படகு வாங்கலாம், டாக்கோடு (படகு கட்டும் மேடை) சேர்த்து ஏரிக்கரையில் ஒரு வீடும் பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே. லேனியர் ஏரி பத்து நிமிட தூரம்.

ஒரு ஜூன் மாதம் அந்த வீட்டைப் பார்த்தோம். பின்வாசலிலிருந்து மரங்களுக்கு நடுவே படி இறங்கினால் டாக். தண்ணீர் கரை தொட்டு நின்றது. பையன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். வீட்டைக் காட்டிய ஏஜென்ட், "டாக்கும் சேர்த்துத்தான் இந்த விலை" என்றார். எனக்கும் மனைவிக்கும் மனசுக்குள் அப்போதே வீடு முடிந்துவிட்டது.

நல்லவேளை, பக்கத்து டாக்கில் ஒரு பெரியவர் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "பர்மிட் யார் பேரில் இருக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். லேனியர் இயற்கை ஏரி இல்லை. 1950களில் சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபோர்டு அணையைக் கட்டியதால் வந்த நீர்த்தேக்கம். தண்ணீரை ஒட்டிய கரை முழுவதும் மத்திய அரசு நிலம். பார்த்துக்கொள்வது ராணுவத்தின் பொறியாளர் படை. இங்கே எல்லோரும் சுருக்கமாக 'கோர்' என்பார்கள். நம் வீட்டு மனை தண்ணீர் வரைக்கும் வராது. டாக் மிதப்பது அரசின் தண்ணீரில், அரசின் அனுமதியோடு. அந்த அனுமதியும் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வீடு கைமாறினால் புது உரிமையாளர் தன் பேரில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். 2004-ல் போட்ட கரை மேலாண்மைத் திட்டத்தில் மொத்தமே 10,615 டாக்குகள்தான் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். டாக்குக்கு அனுமதியில்லாத கரையில் வீடு வாங்கிவிட்டு, பிறகு டாக் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. "டாக்கும் சேர்த்து" என்ற அந்த ஒரு வார்த்தையில் இவ்வளவு இருக்கிறது.

அப்புறம் அவர் தன் டாக் பெட்டியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். நுனியில் பெரிய இரும்பு போல்ட், அடிக்கு ஒரு முடிச்சு. நாங்கள் வாங்கப் போகும் டாக்கின் கடைசி முனையில் இறக்கி, ஈரம் ஏறிய முடிச்சுகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். ஒன்பது. "2007-ல் ஏரி இருபது அடி இறங்கியது. இந்த இடத்தில் நான் நாயோடு நடந்திருக்கிறேன்" என்றார். அது உண்மைதான். கடல் மட்டத்துக்கு மேல் 1,071 அடியில் நிற்க வேண்டிய தண்ணீர், அந்த வருட டிசம்பரில் 1,051-க்கும் கீழே போனது. வெள்ளத்தடுப்பு, மின்சாரம், அட்லாண்டாவின் குடிநீர் என்று இந்தத் தண்ணீரை நம்பி எத்தனையோ இருக்கிறது. நம் படகுக்காக அணையில் யாரும் தண்ணீரைப் பிடித்து வைக்க மாட்டார்கள்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் கடல் மாதிரி கிடக்கும். பங்குனியில் அதன் நடுவில் கிரிக்கெட் ஆடுவோம். அதில் வளர்ந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பெரியவர் சொன்னபடி மழை குறைந்த பிறகு, நவம்பரில் மறுபடி போனோம். ஏரி நாலைந்து அடிதான் இறங்கியிருந்தது. அதற்கே கரையோரம் செம்மண் ஈரமாகப் பட்டை கட்டித் தெரிந்தது. டாக்கின் கரைப்பக்க மிதவை ஒன்று சேற்றில் உட்கார்ந்து, தளம் முழுவதும் சாய்ந்து கிடந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டோம். பையன் இரண்டு நாள் பேசவில்லை.

அதன் பிறகு நானே ஒரு முடிச்சுக் கயிறு செய்து காரில் போட்டுக்கொண்டேன். பார்த்த வீடுகளில் சமையலறையைப் பார்க்கும் முன்பே தண்ணீரை அளந்தோம். தெற்கே அணைப் பக்கம் ஏரி அகலம், ஆழமும் உண்டு. ஆனால் சனி ஞாயிறுகளில் பெரிய படகுகள் கிளப்பும் அலை டாக்கை உலுக்கிக்கொண்டே இருக்கும். வடக்கே கெயின்ஸ்வில் பக்கம், 1996 ஒலிம்பிக்கின் துடுப்புப் படகுப் போட்டிகள் நடந்த இடம், ரொம்ப அமைதி. மேலே போகப் போக ஆழம் குறைகிறது, வறட்சி வந்தால் அந்த மேல்முனைகள்தான் முதலில் காயும். கடைசியில் நடுப்பகுதியில், ஒரு சின்னக் குடாவின் வாய்ப்பக்கம், 24 அடி ஆழத்தில் டாக் கிடைத்தது. வீடு பழசு, சின்னது. பர்மிட் விஷயத்தை கோர் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

கிரீன்ஸ்பரோவிலிருந்து:

அண்ணன் சொல்வது அவ்வளவும் சரி. எங்கள் ஒக்கோனி ஏரி வேறு மாதிரி. இது மின்சார நிறுவனத்தின் ஏரி, டாக்குக்கு அனுமதியும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். பகலில் வாலஸ் அணை வழியாகக் கீழே சின்க்ளேர் ஏரிக்குத் தண்ணீரை விட்டு மின்சாரம் எடுப்பார்கள், இரவில் அதையே மேலே பம்ப் செய்வார்கள். அதனால் தண்ணீர் தினமும் ஓர் அடி, ஒன்றரை அடி ஏறி இறங்கும். வந்த புதிதில் படகுக் கயிற்றைக் குட்டையாக, இறுக்கமாகக் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கயிறு விறைத்து, படகின் ஒரு பக்கத்தைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அசையாத டாக்கில் கட்டுபவர்கள் கயிற்றுக்குத் தளர்வு கொடுங்கள். மற்றபடி வறட்சியிலும் மட்டம் பெரிதாக மாறாத ஏரி இது. எங்களுக்கு அது போதும்.

மேரியட்டாவிலிருந்து:

எங்களுடையது அலட்டூனா ஏரி. இங்கே குளிர்காலத்தில் வேண்டுமென்றே தண்ணீரை இறக்கிவிடுவார்கள். கோடை மட்டத்தைவிடக் குளிரில் பதினாறு அடிக்கு மேல் கீழே இருக்கும். அதனால் சொந்த டாக் ஆசையே வைக்கவில்லை, மரீனாவில், அதாவது பொதுப் படகுத்துறையில், படகை நிறுத்த ஓர் இடம் (ஸ்லிப்) எடுத்திருக்கிறோம். நான் சொல்ல வந்தது வேறு.

போன வருடம் ஜூலையில் நண்பர் வீட்டு டாக்கில் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். என் மகள் அலுமினிய ஏணியைத் தொட்டவள், "அம்மா, ஏணி கடிக்குது" என்றாள். எறும்பு என்று நினைத்தேன். நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. "யாரும் எதையும் தொடாதீங்க, டாக்கை விட்டுத் தள்ளி நீந்திப் போங்க" என்று கத்திக்கொண்டே மேலே ஓடி மெயினை அணைத்தார். தண்ணீரில் கசிந்த மின்சாரம்! உப்பில்லாத தண்ணீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். தசை இறுகிவிட்டால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். காப்பாற்ற உள்ளே குதிப்பவருக்கும் அதே கதிதான், முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். படகைத் தூக்கும் மோட்டாருக்குப் போகும் வயர், டாக்குக்குப் போகும் நடைபாலத்தின் கீல் பக்கம் உரசிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் பாலமும் அசையும் அல்லவா? உரசி உரசி மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. கசிவு வந்தால் தானாக அணைய வேண்டிய பிரேக்கரும் அங்கே இல்லை. இப்போது புது வயர், புது பிரேக்கர், கரையிலேயே கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சுவிட்ச். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும் முன் அந்த சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள்.