வலென்சியாவிலிருந்து பெனிஸ்கோலா: ஒரே நாளில் திரும்பலாமா?

தாமிரபரணிக்கரை:
மகன் ஸ்பெயின்ல வலென்சியாவுல இருக்கான், அக்டோபர்ல போறோம். பெனிஸ்கோலா கோட்டைய ஒரு நாள்ல பாத்துட்டுத் திரும்பிரலாமா? வீட்டுல முழங்கால் வலி. ஒரு போப் அங்க ஒளிஞ்சிருந்தாராமே, அது என்ன விவரம்?

உவரிக்காரன்:
ஒளியல அண்ணாச்சி, தர்பாரே நடத்துனாரு. 1378-லருந்து ரோம்ல ஒரு போப், பிரான்ஸ்ல அவிஞ்ஞோன்ல இன்னொரு போப். பெத்ரோ தெ லூனா 1394-ல அவிஞ்ஞோன் பக்கம் 13-ம் பெனடிக்ட் ஆனாரு. ஆதரவு கழண்டுக்கிட்டே வர, 1411-ல இந்தக் கோட்டைக்கு வந்து சேந்தாரு. 1417-ல கான்ஸ்டன்ஸ் நகர்ல கூடுன திருச்சபைச் சங்கம் பதவியப் பறிச்சும் மசியல. 1423-ல சாகுற வரைக்கும் ‘நான்தான் போப்’புன்னே இருந்தாரு.

கோட்டை அவர் கட்டுனது இல்ல. அரபுக் கோட்டை இருந்த இடத்துல டெம்ப்ளர் வீரத்துறவிகள் 1294-க்கும் 1307-க்கும் நடுவுல எழுப்புனது. அவர் கட்டுனது கீழ இருக்க சான் பெத்ரோ வாசல். அதுக்கு மேல கவிழ்ந்த பிறை செதுக்கியிருக்கும், அதுதான் அவர் குலச்சின்னம். அவசரத்துல நிறையபேரு அண்ணாந்து பாக்காமலே உள்ள போயிருதாங்க.

மணப்பாட்டு மணல்:
கோட்டை 64 மீட்டர் உயரப் பாறையில. நம்ம மணப்பாடு மாதிரி மணல்திட்டுதான் பாறையக் கரையோட சேக்குது. முன்னாடி புயல் அடிச்சா அலை அதையும் மூடிரும். மதிலுக்குள்ளயே நல்லதண்ணி ஊத்து இருந்ததால முற்றுகைக்குத் தாக்குப் பிடிச்சிருக்கு.

தெரு பூரா உருளைக்கல் பாவுன ஏத்தம், படிக்கட்டு. ஏறுறதவிட இறங்குறதுதான் முழங்காலுக்குக் கேடு. மழை பெஞ்சா வழுக்கும். வீட்டம்மா துறைமுகப் பக்கமும் வடக்குக் கடற்கரையிலயும் இருக்கட்டும். பக்கத்து ஊரு பெனிகார்லோ பாத்து 5 கி.மீ. சமதளம், நடக்கச் சொகம். பாறை இடுக்கு வழியா கடல் சீறுற ‘புஃபதோர்’ ஓட்டையும் உண்டு. அலை இல்லாத நாள்ல அது வெறும் குழிதான், அதுக்காக மெனக்கெட வேண்டாம்.

ரயில்பாதை:
டிக்கெட்டுல ‘பெனிகார்லோ–பெனிஸ்கோலா’ன்னு இருக்கும், ஸ்டேஷன் இருக்கது பெனிகார்லோவுல. கோட்டைக்கு ஏழு கி.மீ. போல பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கணும். எல்லா வண்டியும் நிக்காது, அதனால திரும்புற டிக்கெட்ட முதல்ல போட்டுட்டு, கடைசி பஸ் நேரத்தையும் பாத்துக்கிடுங்க. கார்ல போனா பழைய ஊருக்கு வெளியவே நிறுத்திரணும்.

கோட்டை மட்டும்னா ஒரு நாள் தாராளம். தெற்க சியெர்ரா டி’ஈர்த்தா மலைக்கரையும் பாக்கணும்னா ஒரு ராத்திரி தங்குங்க, அங்க போக கார் வேணும். அக்டோபர் நடுவுக்கு மேல கோட்டைய சீக்கிரம் சாத்திருவாங்க; காலையிலயே அத முடிச்சிட்டு, கடற்கரைய சாயங்காலத்துக்கு வச்சுக்கிடுங்க.