பருத்தி நூலில் பின்னிய ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சவில்லை, என்ன செய்யலாம்?

கோபிக்காரி:

வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. குப்பை வண்டி எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. வீட்டில் சேரும் பிளாஸ்டிக் எல்லாம் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் போய்க் கிடக்கும், யாராவது தீ வைத்துவிடுவார்கள். பாத்திரம் விளக்குகிற பச்சை மஞ்சள் ஸ்பாஞ்சும் அங்கேதான் போய்ச் சேருகிறது. இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடத் தெரியும் என்பதால், ஈரோட்டில் ஒரு நூல் கடையில் பத்தாம் நம்பர் கோரா நூல் (வெளுக்காத நூல்) ஒரு கோன் வாங்கினேன். எட்டு இழை சேர்த்து 4 மி.மீ. ஊசியில் இரண்டு வட்டம் பின்னி, நடுவில் பழைய பனியன் துணி அடைத்துத் தைத்தேன்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் விட்டால் முத்து முத்தாக மேலேயே நிற்கிறது. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்த பிறகுதான் நனைகிறது. நனைந்துவிட்டாலோ காய மாட்டேன் என்கிறது, ஒரு வாரத்துக்குள் வாடை வந்துவிட்டது. எங்கள் அத்தை, "பேசாமல் தேங்காய் நாரே போதும்" என்கிறார். கோளாறு நூலிலா, பின்னலிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் போர் தண்ணீர்தான், நல்ல உப்பு.

சென்னிமலை தறிவீடு:

அம்மிணி, நூலும் நல்ல நூல்தான், பின்னலும் சரிதான். அந்த நூல் இன்னும் காய்ச்சப்படவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

பஞ்சு இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிசாக ஒரு மெழுகு உண்டு. வெளுக்காத கோரா நூலில் அது அப்படியே இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்பது அதனால்தான். எங்கள் வீட்டில் கைத்தறி ஓடிய காலத்தில், சாயம் போட வந்த சிட்டா நூலை (வளையக் கட்டாக வரும் நூல்) முதலில் சோடா போட்டுக் காய்ச்சுவார்கள். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும். அந்த அழுக்கும் மெழுகும் போகாமல் சாயமே பிடிக்காது என்பார் எங்கள் அப்பா. சாயம் பிடிக்காத நூலில் தண்ணீர் மட்டும் எப்படிப் பிடிக்கும்?

பின்னியதைப் பிரிக்க வேண்டாம். உள்ளே அடைத்த துணியை மட்டும் எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் குண்டாவில் தண்ணீர் வைத்து, லிட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் சலவை சோடா போடுங்கள். சமையலுக்குப் போடும் ஆப்ப சோடா வேறு, அது இதற்கு ஆகாது. அலுமினியப் பாத்திரத்தை மட்டும் எடுக்காதீர்கள், சோடா அதை அரித்துக் கறுக்க வைத்துவிடும். சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். பின்னல் முழுதும் தண்ணீருக்குள் முங்கி இருக்க வேண்டும், மேலே மிதக்கும் இடம் வேகாது. வெறும் கையை விடாமல் கரண்டியால் எடுத்து, வழுவழுப்புப் போகும் வரை அலசிக் காய வையுங்கள். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். விழுந்த உடனே இறங்கிவிட்டால் சரி. நின்றால் இன்னொரு கொதி. கொதியில் பின்னல் சுருங்கும், அதனால் இனி பின்னும்போது ஒரு சுற்றுக் கூட்டிப் போடுங்கள்.

இனி வாடை. காரணம் நடுவில் அடைத்த துணி. பருத்தி தண்ணீரை இழைக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும், நைலானை உதறுவது போல உதறி எடுக்க முடியாது. தடிமன் கூடினால் நடு ஈரம் ராத்திரி முழுக்க நிற்கும். அந்த ஈரமும் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சேர்ந்தால் வாடை வராமல் என்ன செய்யும்? கடையில் விற்கிற ஸ்பாஞ்சின் உருவத்தை அப்படியே பருத்தியில் கொண்டுவரப் பார்ப்பதுதான் தொந்தரவே. பருத்திக்கு ஒரே அடுக்கு போதும். அது முரமுரவென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் போடும் பின்னலைச் சொல்கிறேன். 22 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டுத் திரும்பி, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஆரம்பித்தால் 21 சிங்கிள் குரோஷா, அதாவது குட்டைக் கண்ணி, வரும். அடுத்த வரிசையில் ஒரு சிங்கிள், ஒரு ட்ரெபிள் என்று மாற்றி மாற்றிப் போட்டு, சிங்கிளில் முடியுங்கள். ஊசியில் இரண்டு சுற்று நூலைச் சுற்றிப் போடுவோமே, அந்த உயரமான கண்ணிதான் ட்ரெபிள். இரண்டு பக்கமும் குட்டைக் கண்ணி இறுக்கிப் பிடிப்பதால் அதற்கு நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது. மடங்கிப் போய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் முண்டு முண்டாகத் துருத்தும். அதற்கடுத்த வரிசை முழுக்கச் சிங்கிள். இப்படியே சதுரமாக வரும் வரை ஏற்றுங்கள். முண்டுப் பக்கத்தால் தேய்க்கலாம், மறுபக்கத்தால் துடைக்கலாம். முடிக்கும்போது மூலையில் பத்துச் செயின் போட்டு ஒரு வளையம் விடுங்கள். வளையம் இல்லாத பின்னலை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஆணியில் மாட்டினால்தான் அது காயும். சிங்க் ஓரத்தில் கிடந்தால் எந்த நூலாக இருந்தாலும் நாறும்.

நான்கைந்து பின்னி வைத்துக்கொண்டு தினமும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொதி விட்டு வெயிலில் போட்டால் புதுசு போல ஆகிவிடும். பருத்தி நனைந்தால் பலம் கூடும், கொதிக்கும் பயப்படாது. பருத்தியைத் தேடிப் போவதே இந்த இரண்டுக்காகத்தான்.

கரூர் நூல்காரர்:

அக்கா சொன்னது கோரா நூலுக்குச் சரி. நூல் விற்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

திருப்பூர்ப் பக்கம் பனியன் மெஷினுக்கு வரும் ஹோசியரி கோன் வாங்கினால், பஞ்சின் மெழுகோடு பாரஃபின் மெழுகும் சேர்ந்திருக்கும். மெஷின் ஊசியில் நூல் வழுக்கி ஓடுவதற்காக கோன் சுற்றும்போதே தடவிவிடுவார்கள். வெறும் சோடாவுக்கு அது கரையாது. கொதிக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடி சேர்த்துவிடுங்கள், சூட்டில் உருகி வந்துவிடும். அந்த நூலில் முறுக்கும் குறைவு, மெத்தென்று இருக்கும். மின்விசிறி, டிவி, கண்ணாடி துடைக்க அருமை. பாத்திரத்துக்கு முறுக்கு உள்ள தறி நூல்தான் நிற்கும்.

இரண்டாவது, மில்லில் மிஞ்சியது, விலை மலிவு என்று தரும் கோனில் பாலியஸ்டர் கலந்திருக்கலாம். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் இருந்தால் உருகிக் கெட்டியாகக் கறுப்பு மணி உருளும். விஸ்கோஸ் நூலும் பருத்தி போலவே எரியும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதற்கு இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள். விஸ்கோஸ் நனைந்தால் பலம் போய்ப் பட்டென்று அறுந்துவிடும், பாத்திரம் விளக்க ஆகவே ஆகாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நூல் நம்பர் ஏற ஏற மெலிசு. பத்தாம் நம்பரில் எட்டு இழை என்பது இருபதாம் நம்பரில் பதினாறு இழைக்குச் சமம். இருபதாம் நம்பர் இழை இரண்டை 2/20 என்று முறுக்கி வருவது ஒரு பத்தாம் நம்பர் இழை மாதிரி, அதிலும் எட்டே போதும்.

ஆனைமலை அடுக்களை:

கோபி அக்காவின் அத்தை பக்கம் நான் நிற்கிறேன். எங்கள் ஊரில் தென்னைக்குப் பஞ்சமில்லை, உரிமட்டை நாரைச் சுருட்டித்தான் இன்றைக்கும் வடச்சட்டி தேய்க்கிறோம். அடிப்பிடித்த பால் போசியைப் பருத்தியில் எவ்வளவு முண்டு வைத்துப் பின்னினாலும் தேய்க்க முடியாது. அதற்கு நாரும் சாம்பலும்தான். சாப்பிட்ட தட்டு, டம்ளர், நான்ஸ்டிக், கண்ணாடி, பித்தளைக் குத்துவிளக்கு இவற்றுக்குப் பருத்தி நாரை விட மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். விளக்குக்குப் புளி தடவித் தேய்க்கும்போது பின்னல் புளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடு விழாது. சணலையும் பருத்தியையும் சேர்த்துப் பின்னுவது நடுவாந்திரமாக இருக்கும், ஆனால் சணல் ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும்.

இன்னொன்று: கறி, மீன் வெட்டிய பலகைக்குத் தனியாக ஒன்று வையுங்கள். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு வரிசை பின்னிவிட்டால் மாறிப்போகாது. குளியலறைக்கு வேறு நிறம்.

கோபிக்காரி:

எல்லோருக்கும் நன்றிங்க. சோடா போட்டுக் காய்ச்சினேன், தண்ணீர் அக்கா சொன்ன அதே டீ நிறம்! சொட்டு விட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. நூலைக் கொளுத்தியும் பார்த்தேன், பருத்திதான். வட்டங்களைப் பிரித்து ஒற்றை ஒற்றையாக மாட்டியிருக்கிறேன், காலைக்குள் காய்ந்துவிடுகிறது. இப்போது ஒரே ஒரு சந்தேகம்: காய்ந்ததும் விறைப்பாக அட்டை போல நிற்கிறது, கைக்கு உறுத்துகிறது. பின்னல் இறுக்கமா, இல்லை வேறு ஏதாவதா?

சென்னிமலை தறிவீடு:

உங்கள் போர் தண்ணீர்தான் அம்மிணி. சோப்புக் கட்டி உப்புத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்து, வெள்ளைப் பிசுக்காக இழையில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் விறைக்கிறது. கடைசி அலசலில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து கால் மணி நேரம் ஊற விடுங்கள், பிசுக்கு விட்டுவிடும். சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊற வைத்த தண்ணீர் எடுத்தால் உப்புத் தண்ணீரிலும் திரியாது, பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். அதற்கு மேலும் உறுத்தினால் அடுத்ததை 4.5 ஊசியில் பின்னிப் பாருங்கள். அத்தைக்கு ஒரு பின்னலைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், நாரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.