'கிராஸ்ஓவர்' காருக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்குள் வேண்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து

தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் உள்ள நம் சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொருள்: புதிதாக வரும் சிறிய, வேகமான கிராஸ்ஓவர் காரின் வடிவமைப்பும் ஓட்டமும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் இவர்கள். சொல்லைப் பார்த்ததும் பொருள் பாதியாவது தெரிய வேண்டும்.

சொல்லாக்குமுன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். கிராஸ்ஓவர் என்பது சாதாரணக் காரின் அடித்தளத்தில் கட்டியது. கூரையும் இருக்கையும் தரையிலிருந்து எழும்பி நிற்கும். பார்வைக்கு எஸ்யூவி எனும் உயரமான பெரிய வண்டி, உள்ளே கார். எனக்கு வேண்டிய சொற்கள்: கிராஸ்ஓவர், காம்பேக்ட், ஸ்போர்ட்டி, கிரவுண்ட் கிளியரன்ஸ், பாடி ரோல், டார்க் (torque), டர்போ லேக். கையில் இருப்பது கிரவுண்ட் கிளியரன்ஸுக்குத் 'தரை இடைவெளி' ஒன்றுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அம்மா, வணக்கம். 'கலப்பூர்தி' என்று வையுங்கள். காரும் எஸ்யூவியும் கலந்தது. கலப்பு + ஊர்தி. குற்றியலுகரம் கெட்டு எளிதாகப் புணர்கிறது. ஊர்தி நமக்குப் புதிய சொல்லும் அன்று. 'வலவன் ஏவா வானவூர்தி' என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டே பேசுகிறது. இத்தனை பழைய சொல் கையிலிருக்க, 'கார்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அது வேண்டாமென்றால் 'இடையூர்தி' வையுங்கள்.

ஈசிப்பிங்கோவிலிருந்து

ஐயா, 'கலப்பூர்தி' ஆகாது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டுக்குக் 'கலப்பின வண்டி' என்று எழுதிப் பழகிவிட்டோம். டர்பனில் டொயோட்டாவின் புரொஸ்பெக்டன் ஆலையில் 2021 முதல் கட்டும் கொரோலா கிராஸையே பாருங்கள். அது கிராஸ்ஓவர். அதிலேயே 1.8 லிட்டர் பெட்ரோல் மட்டும் உள்ளது ஒரு வகை, 103 கிலோவாட். ஹைப்ரிட் இன்னொரு வகை, மொத்தம் 90 கிலோவாட். உங்கள் சொல்படி இரண்டாவது 'கலப்பினக் கலப்பூர்தி' ஆகும். 'இடையூர்தி' காதில் 'இடையூறு' என்று விழும்.

கலந்தது என்பதே பொருளளவில் சரியில்லை. அதே ஆலையில் ஹைலக்ஸ் பக்கியும் (பின்புறம் திறந்த சுமைவண்டி) ஃபார்ச்சூனர் எஸ்யூவியும் கட்டுகிறார்கள். அவற்றுக்கு ஏணி போன்ற எஃகுச் சட்டம் தனியாக உண்டு. உடல் அதன்மேல் போல்ட்டில் உட்காரும். கிராஸ்ஓவருக்கு அந்தச் சட்டம் இல்லை. தரைத்தகடு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. எடை குறைவு, வளைவில் முறுக்கம் குறைவு, ஆனால் கல்லுக்காட்டில் பக்கி தாங்கும் அடியைத் தாங்காது. கொரோலா கிராஸின் தரை இடைவெளி 161 மி.மீ. மட்டுமே. பிறப்பால் கார், நிற்கும் நிலையால் உயரம். சொல் அதைக் காட்ட வேண்டும்.

'பாடி ரோல்' பற்றி: 'புரள்வு' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். வண்டி கவிழ்வதைப் பிள்ளைகள் நினைப்பார்கள். வளைவில் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான், 'உடல்சாய்வு' போதும். உயரம் கூடினால் எடைமையம் மேலே போகும், சாய்வு கூடும். அதை அடக்கத் தடித்த சாய்வுத் தடுப்புத் தண்டும் இறுகிய ஸ்பிரிங்கும் போடுகிறார்கள். அங்கேதான் விலை கொடுக்கிறோம். தண்டு இடது வலது சக்கரங்களைப் பிணைப்பதால், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் உலுக்கும். டயரும் ஒரு காரணம். 225/50 ஆர்18 டயரின் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 50 விழுக்காடு) பக்கச்சுவர் சுமார் 112 மி.மீ.; ஹூண்டாயின் 'கோனா என்' (Kona N) வண்டியின் 235/40 ஆர்19 டயருக்கு 94 மி.மீ. தான். அந்த 18 மி.மீ. குறைவால் வளைவில் பிடிப்பு கூர்மையாகும். நம் சாலைக் குழியிலோ ரிம் விளிம்பு வளையும், பக்கச்சுவரில் உள்நூல் அறுந்து கட்டி புடைக்கும். கட்டி புடைத்த டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். இதைக் கையேட்டில் சேருங்கள்.

லெனேசியாவிலிருந்து

'ஸ்போர்ட்டி'க்கு 'விளையாட்டுத்தன்மை' என்று ஒரு வரைவில் பார்த்தேன். வேண்டவே வேண்டாம். 'துடியான' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, துடியான பையன், துடியான அம்மன்! விரைவும் ஆற்றலும் சேர்ந்த சொல் இது. 'துடிப்பான' என்றாலும் சரி.

ஆனால் இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தோற்றம் மட்டும் துடியானது ஒன்று, ஓட்டமும் துடியானது இன்னொன்று. கொரோலா கிராஸ் ஜிஆர்-எஸ் வாங்கினால் கறுப்புச் சக்கரமும் வேறு முகப்பும் வரும். எஞ்சினில் மாற்றமில்லை. 'கோனா என்' வண்டியிலோ 2 லிட்டர் டர்போ எஞ்சின், 206 கிலோவாட், 392 நியூட்டன்மீட்டர், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 5.5 விநாடி. முதலாவது 'துடித்தோற்றம்', இரண்டாவது 'துடியோட்டம்'.

எங்கள் ஊருக்கு இன்னொன்று. ஜொகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெல்லியது. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி, இல்லாத எஞ்சின் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு திறனை இழக்கும். டர்பனில் 103 கிலோவாட் தருவது இங்கே 86 அளவில் நிற்கும். டர்போ வைத்தது தன் சுழலியை இன்னும் வேகமாகச் சுழற்றிப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆனால் காலை அழுத்தியதும் இழுக்காது, அழுத்தம் சேரக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதுதான் டர்போ லேக். 'டர்போ தாமதம்' என்றே எழுதுங்கள். டர்போவைத் தமிழாக்கப் போனால் வெள்ளி போய்விடும்.

டார்க், அதாவது எஞ்சின் தண்டைத் திருப்பும் வலு, அதற்கு 'முறுக்குவிசை'. அது விசை அன்று என்று இயற்பியலார் சொல்வார்கள், சரிதான். 'திருப்புத்திறன்' வைத்தாலோ, பவருக்கும் 'திறன்' என்று பாடநூல் சொல்வதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணுவார்கள். முறுக்குவிசை நியூட்டன்மீட்டரில், திறன் கிலோவாட்டில் என்று ஒரு வரி போட்டால் போதும்.

போர்ட் லூயியிலிருந்து

மொரீஷியஸிலிருந்து ஒரு குரல். 'நிமிர்கார்' எப்படி? நிமிர்ந்த கார், நிமிர்கின்ற கார், நிமிரும் கார்: முக்காலமும் காட்டும் வினைத்தொகை. உட்காருபவரும் நிமிர்ந்து உட்காருகிறார். 'உயர்கார்' என்றால் விலை உயர்ந்தது என்று தோன்றும். 'ஏந்தூர்தி' என்றால் சுமை தூக்குவது என்று தோன்றும்.

இன்னும் கேளுங்கள். முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் கார்முகிலுக்கு உவமை 'நீர்செல நிமிர்ந்த மாஅல்'. நிமிர்தலும் காரும் ஒரே இடத்தில்! அந்த மால் யார்? குறளாக, அதாவது குள்ளனாக வந்து, கையில் நீர் வார்த்ததும் நிமிர்ந்த திருமால். காம்பேக்ட் கிராஸ்ஓவர் என்பதும் அதுதானே, குறுகிய நீளம், நிமிர்ந்த நிலை. 'குறுநிமிர்கார்' என்று முழுப்பெயர் வைக்கலாம். முல்லையில் தலைவன் தேரேறி வீடு திரும்புவதும் கார்காலத்தில்தான் என்பதை எண்ணுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

ஐயா, பாட்டு சரி, சொல் சரியில்லை. முல்லைப்பாட்டின் கார் நம் சொல், முகில். நீங்கள் பகுதியாக வைக்கும் கார் ஆங்கிலம். இரண்டையும் ஒலி ஒற்றுமையால் முடிச்சுப் போட்டால் நாளை வேர்ச்சொல் ஆய்வு என்னாவது? திசைச்சொல் என்றும் சொல்ல இயலாது. தொல்காப்பியர் சொன்னது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தின் சொற்களை. 'நிமிரூர்தி' என்றால் ஒப்புக்கொள்கிறேன். காரைச் 'சீருந்து' ஆக்கி 'நிமிர்சீருந்து' என்றாலும் கையெழுத்திடுவேன்.

ஈசிப்பிங்கோவிலிருந்து

ஊர்தி என்பது பக்கி, லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் பொது. பக்கியும்தான் நிமிர்ந்து நிற்கிறது, ஐயா. இது கார் வகை என்று சொல்லவே இந்தச் சொல் வேண்டியிருக்கிறது. சீருந்து நல்ல சொல். ஆனால் இங்கே பிள்ளைகளுக்கு அதை ஒருமுறை விளக்கி, பிறகு கிராஸ்ஓவரையும் விளக்க வேண்டும். நான் 'நிமிர்கார்' பக்கம்.

வடிவமைப்புப் பகுதிக்கு இரண்டு: ஜன்னல்களின் கீழ்விளிம்பில் ஓடும் கோட்டுக்கு 'இடைக்கோடு'. பின்னால் போகப்போக அதை ஏற்றினால் வண்டி பாய்வதுபோல் தெரியும், ஆனால் பின்சீட்டுக் குழந்தைக்கு வெளியே தெரியாது, ரிவர்ஸ் எடுக்கும்போது பார்வை மறையும். சக்கர வளைவைச் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் 'பூண்'. அது தெறிகல்லைத் தாங்கும், உடலை மெலிவாகவும் உயரமாகவும் காட்டும். நம் வெயிலில் சில ஆண்டில் சாம்பல் நிறமாகும்.

தரை இடைவெளியை அளக்கும் முறையையும் போடுங்கள்: சமதளம், டயரில் சரியான காற்று, வண்டி வெறுமையாக. சக்கரங்களுக்கு நடுவில் எது மிகத் தாழ்ந்திருக்கிறதோ, பெரும்பாலும் எஞ்சின் அடித்தட்டு அல்லது புகைக்குழாய், அதுவரை அளக்க வேண்டும். ஆளும் பெட்டியும் ஏறினால் அது குறையும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

நன்றி. நேரம் இல்லாததால் முடிவு செய்துவிட்டேன். முதல் இடத்தில் 'நிமிர்கார், அதாவது கிராஸ்ஓவர்', பிறகு 'நிமிர்கார்' மட்டும். தலைப்பில் 'குறுநிமிர்கார்' இல்லை, 'சிறிய நிமிர்கார்'. துடித்தோற்றம், துடியோட்டம், முறுக்குவிசை, டர்போ தாமதம், உடல்சாய்வு, இடைக்கோடு, பூண் அப்படியே. மூவர் சம்மதம், ஒருவர் மறுப்பு என்று பின்னட்டையில் எழுதுகிறேன். 'நிமிர்சீருந்து' மாற்றுச் சொல்லாக அங்கே இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும், அம்மா. அச்சுக்குப் போகுமுன் ஒன்று: 'உடல்சாய்வு' என்று வைக்காதீர்கள். வல்லினம் வர லகரம் றகரமாகும். 'உடற்சாய்வு'.