செயின்ட் லூயிஸ் ஈட்ஸ் பாலம்: எஃகு வளைவுகளைத் தேர்ந்தது ஏன், தொலைதூர ரயில்கள் விலகியது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். செயின்ட் லூயிஸ் நகர மையத்தில் பணிபுரியும் நான், மெட்ரோலிங்க் நகர ரயிலில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் ஈட்ஸ் பாலத்தைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதுண்டு. அதே காலத்து ரயில் பாலங்கள் பலவும் ஆற்றுக்குள் நெருக்கமாகத் தூண்களை நட்டு, அவற்றின் மேல் இரும்புச் சட்டங்களை நேராகப் பரப்பியவை; இங்கோ அகன்ற ஆற்றின் நடுவே இரண்டே தூண்களும் மூன்று பெரிய வளைவுகளும் மட்டுமே உள்ளன. இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன? ரயிலுக்காகவே கட்டிய பாலத்தில் இன்று தொலைதூர ரயில் ஒன்றுகூட ஓடாதது எதனால்?

மறுமொழி 1

வடிவத்தைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு ஆற்றுக்கே உரியது. நீராவிக் கப்பல் நிறுவனங்களும் படகுத்துறை முதலாளிகளும் பாலத்தைக் கடுமையாக எதிர்த்த காலம் அது. 1866இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி வழங்கியபோது, கப்பல் போக்குவரத்துக்குப் போதிய உயரமும் அகலமும் விட்டே பாலம் கட்டவேண்டும் என்று விதித்தது. ஜேம்ஸ் புக்கனன் ஈட்ஸ் நடுவில் 520 அடி, இருபுறமும் 502 அடி என்று மூன்று வளைவுகளைத் திட்டமிட்டார். அவ்வளவு நீளமான வளைவைத் தாங்க இரும்பு போதாது என்று கருதி, அதுவரை எந்தப் பெரிய பாலத்திலும் முதன்மைத் தாங்கியாகப் பயன்படுத்தப்படாத எஃகைத் துணிந்து தேர்ந்தெடுத்தார்.

ஒவ்வொரு வளைவிலும் நான்கு விலாக்கள், அதாவது வளைந்த தாங்கிச் சட்டங்கள், உள்ளன. ஒவ்வொரு விலாவும் மேலும் கீழுமாக ஓடும் இரண்டு குழாய்களால் ஆனது. குழாயின் விட்டம் 18 அங்குலம். அதை ஒரே வார்ப்பாகச் செய்யவில்லை. பீப்பாய்க்குப் பலகைகளைச் சேர்ப்பது போல ஆறு எஃகுப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, மெல்லிய எஃகு உறைக்குள் இறுக்கினார்கள். பட்டைகளைச் சோதித்து, தேறாதவற்றை ஈட்ஸின் ஆட்கள் திருப்பி அனுப்பியபடியே இருந்ததால், ஆண்ட்ரூ கார்னகியின் கீஸ்டோன் பிரிட்ஜ் நிறுவனத்துக்கும் அவருக்கும் ஓயாத இழுபறி நடந்தது. அந்தப் பிடிவாதம்தான் பாலத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

மறுமொழி 2

மேற்கட்டுமானத்தை வியந்து பேசுவோர் அடித்தளத்தை மறந்துவிடுகிறார்கள். ஈட்ஸ் பாலப் பொறியாளராகப் பயிற்சி பெற்றவர் அல்லர்; மூழ்கிய கப்பல்களின் சரக்கை மீட்கும் தொழிலில் மூழ்குகலத்துக்குள் அமர்ந்து மிசிசிப்பியின் அடியில் நடமாடியவர். 1851 வெள்ளத்தின்போது நீர்மட்டத்துக்கு 65 அடி கீழே, ஆற்றுப் படுகையே குறைந்தது மூன்று அடி ஆழத்துக்கு நகர்ந்து ஓடுவதைத் தாம் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். மணலில் நின்ற தூணை ஒரு வெள்ளம் அரித்துவிடும் என்று உணர்ந்ததால்தான் அடிப்பாறை வரை போயே தீரவேண்டும் என்றார்.

ஆற்றுக்குள் இருக்கும் கிழக்குத் தூண் தொண்ணூறு அடிக்கும் கீழே பாறையைத் தொட்டது. அடியில்லாத பெரிய இரும்பு அறைக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரைத் தடுத்துக்கொண்டு, உள்ளே ஆட்கள் மணலைத் தோண்ட, மேலே கல் அடுக்க அடுக்க அறை தாழ்ந்துகொண்டே போகும். அடியில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. வேலை முடிந்தவர்கள் சில நிமிடங்களில் வெளிக்காற்றுக்கு வந்து, நீண்ட சுழற்படிக்கட்டிலும் ஏறினார்கள். இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிவதே மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் காரணம் என்பது அன்று அங்கே எவருக்கும் தெரியாது. ஒரு டசனுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். ஈட்ஸின் மருத்துவரான அல்போன்ஸ் ஜேமினே, கீழே இறங்கிவிட்டு வந்து தாமே முடங்கிப்போனார். அதன்பின் வேலைநேரத்தை வெகுவாகக் குறைத்தார்கள். கிழக்குக் கரைத் தாங்கி இன்னும் ஆழமாகச் சென்றது; ஆனாலும் இந்தக் குறைப்பும், மின்தூக்கி இல்லாத அக்காலத்திலேயே ஆட்களை ஏற்றிவர ஒரு தூக்கி அமைத்ததும் சேர்ந்து, மரணங்களைப் பெரிதும் குறைத்தன. பாலத்தின் பெயர் ஒருவரைக் குறிக்கலாம். விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கப்பல்களை நிறுத்தக்கூடாது என்றால் ஆற்றில் சாரம் கட்டியிருக்க முடியாதே; வளைவுகளை எப்படி எழுப்பினார்கள்?

மறுமொழி 1

சரியாகவே கேட்டீர்கள். ஒவ்வொரு தூணிலிருந்தும் இருபுறமும் சமமாக அரைவளைவுகளை நீட்டிக்கொண்டே போய், தூணின் மேல் எழுப்பிய கோபுரங்களிலிருந்து வந்த கம்பிவடங்களால் அவற்றைத் தாங்கினார்கள். 1873 செப்டம்பரில் முதல் வளைவின் இரு முனைகளும் நெருங்கியபோது, வெயிலில் எஃகு விரிந்து, கடைசித் துண்டை நுழைக்க இடைவெளி போதவில்லை. குழாய்களைப் பனிக்கட்டியால் மூடிப் பார்த்தும் பலிக்கவில்லை. இத்தகைய நிலைக்கென்று ஈட்ஸ் முன்பே வடிவமைத்திருந்த, திருகுமரை கொண்டு நீட்டிக் குறைக்கக்கூடிய இணைப்புக் குழாய்களை அவருடைய உதவிப் பொறியாளர் ஹென்றி ஃபிளாட் பொருத்தி, செப்டம்பர் 17ஆம் நாள் வளைவை மூடினார்.

1874 ஜூன் மாதம் மக்களின் ஐயத்தைப் போக்க ஒரு யானையைப் பாலத்தில் நடத்திச் சென்றார்கள். ஜூலை 2ஆம் நாள் நிலக்கரியும் நீரும் நிரப்பிய 14 நீராவி எஞ்சின்களை ஏற்றிச் சோதித்ததுதான் உண்மையான தேர்வு. ஜூலை 4இல் பாலம் திறக்கப்பட்டது.

மறுமொழி 3

ரயில்கள் விலகிய கதைக்கு வருகிறேன். மேல்தளம் சாலைக்கும் கீழ்தளம் இரட்டைத் தண்டவாளத்துக்கும் என்று அமைந்த பாலம் இது. மேற்குக் கரையில் கீழ்தளம் நகர மையத்தின் அடியிலுள்ள சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. ரயில் நிறுவனங்கள் எதிர்பார்த்த அளவு பாலத்தைப் பயன்படுத்த முன்வராததால், ஏறக்குறைய ஒரு கோடி டாலர் செலவிட்டுப் பாலத்தைக் கட்டிய நிறுவனம் விரைவிலேயே நொடித்து, 1878இல் பாலம் ஏலத்தில் கைமாறியது. 1889இல் ரயில் நிறுவனங்கள் பல சேர்ந்து உருவாக்கிய டெர்மினல் ரயில்ரோடு அசோசியேஷனிடம் அது பின்னர் போய்ச் சேர்ந்தது. வடக்கே 1890இல் மெர்ச்சன்ட்ஸ் பாலமும், பிற்பாடு தெற்கே மெக்கார்தர் பாலமும் வந்த பிறகு, பெருத்துவிட்ட ரயில்களுக்குக் குறுகிய சுரங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 1974இல் கடைசிப் பயணிகள் ரயிலும் நின்றது.

1989இல் மெக்கார்தர் பாலத்தைக் கொடுத்து ஈட்ஸ் பாலத்தை நகராட்சி பெற்றுக்கொண்டது. 1993இல் மெட்ரோலிங்க் அதே கீழ்தளத்திலும் அதே சுரங்கத்திலும் ஓடத் தொடங்கியது. ஆகவே ரயில் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தமுறை லாக்லீட்ஸ் லேண்டிங் நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரைக்குச் சென்று அண்ணாந்து பாருங்கள். மறுமொழி 1 விவரித்த இரட்டைக் குழாய்களும், அவற்றுக்கிடையிலான குறுக்குச் சட்டங்களும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.