புதுப்பிப்பு: ஏஐ முகவருக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம்?

வாடிக்கையாளர் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதவும் வரும் பில்களைச் சரிபார்க்கவும் எங்கள் சிறு நிறுவனத்தில் ஏஐ முகவர்களை, அதாவது தரப்பட்ட வேலையைத் தாமாகவே செய்யும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பயன்படுத்துவது பற்றி முன்பு எழுதியபோது, அவற்றுக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்பதற்கு முடிவு சொல்லியிருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு முகவருக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். ஊழியரின் கடவுச்சொல்லையே அதற்குக் கொடுத்தால், எதை மனிதர் செய்தார், எதை முகவர் செய்தது என்று பதிவேட்டில் பிரித்தறிய முடியாது.

பெரிய கவலை வேறு. வெளியிலிருந்து வரும் பில்லில் "வங்கிக் கணக்கு எண்ணை இப்படி மாற்று" என்றொரு வரி ஒளிந்திருந்தால், முகவர் அதை நம் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்; மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு, ஏஐ மொழி மாதிரிகளைக் கொண்டு இயங்கும் செயலிகளுக்காக வெளியிட்ட 2025ஆம் ஆண்டு ஆபத்துப் பட்டியலில் முதலிடம் பெற்றிருப்பதும் இத்தகைய தாக்குதலே. எனவே பில்லைப் படிக்கும் முகவருக்குப் பணம் அனுப்பும் உரிமை அறவே கிடையாது.

வாடிக்கையாளருக்கு முகவர் தரும் வாக்குறுதியும் நிறுவனத்தையே சேரும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் அரட்டைச் செயலி தந்த தவறான தகவலுக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

ஒவ்வொரு பதிலுக்கும் முகவர் ஊழியரின் ஒப்புதலைக் கேட்கும்படி வைத்தால், அச்செய்திகள் குவிந்து, அவர் படிக்காமலே சம்மதம் தந்துவிடுவார் என்பது உண்மைதான். ஆகவே வழக்கமான பதில்களைத் தானாகச் செல்லவிட்டு, அவற்றில் சிலவற்றை மட்டும் வாரந்தோறும் எடுத்துப் பார்க்கிறோம்.