ஜேக்கப் தீவு: ஓதத்தோடு பிழைத்தவர்கள்

விக்டோரியா காலத்து லண்டனின் ஆற்றோரக் குடிசைப் பகுதி என்றால் ‘வறுமை, இருட்டு’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அங்கே ஒரு நாள் எப்படி ஓடியது என்று புரிய, ஓதத்தைக் கவனிக்க வேண்டும் (கடலோடு சேர்ந்து ஆற்றுநீரும் தினமும் ஏறி இறங்குவது; நம் கடற்கரையில் ஏறுவதை ஏத்தம், இறங்குவதை வத்தம் என்பார்களே, அதேதான்).

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், லண்டனின் பெர்மாண்ட்சிப் பகுதியில் நெக்கிஞ்சர் ஓடை தேம்ஸில் கலக்கும் இடத்தில் இருந்தது ஜேக்கப் தீவு. சுற்றிலும் வாய்க்கால்கள். ஆற்றில் நீர் ஏறும்போது மதகைத் திறந்தால்தான் புதுத் தண்ணீர் வரும்; மற்ற நேரமெல்லாம் தேக்கம். வீடுகளின் பின்புறம் வாய்க்காலின் மேல் நீட்டிக்கொண்டிருந்த மரத்தாழ்வாரங்களும் கதவில்லாத கழிப்பறைகளும். அதே வாய்க்காலில்தான் கயிற்றில் வாளியை இறக்கிக் குடிதண்ணீரும் மொண்டார்கள். மொண்டதை ஓரிரு நாள் அசையாமல் வைத்து, தெளிந்த பிறகு மேலாக இறுத்துக்கொள்வது வழக்கம். வண்டல் அடியில் தங்கும், காலரா கிருமி தங்காது. கண்ணுக்குத் தெளிவாக இருந்ததுதான் வினை.

*

நீர் இறங்கியதும் தெரியும் தேம்ஸ் கரைச் சேற்றில் பொறுக்கிப் பிழைத்தவர்களின் கணக்கையும் சேர்க்கிறேன். ‘மட்லார்க்’ என்று பெயர். பெரும்பாலும் சிறுவர்கள், கிழவிகள். பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ குறித்துவைத்த விலைகள்: நிலக்கரி 14 பவுண்டு (இங்கே எடை; ஒரு பவுண்டு சுமார் 450 கிராம்) கொண்ட பானை 1 பென்னி (அன்றைய சில்லறைக் காசு, பன்மையில் பென்ஸ்), அக்கம்பக்கத்து ஏழைகளுக்கே விற்பனை. மற்றதெல்லாம் காயலான் கடைக்கு. இரும்பு 5 பவுண்டுக்கு 1 பென்னி, எலும்பு 3 பவுண்டுக்கு 1 பென்னி, செப்பாணி ஒரு பவுண்டே 4 பென்ஸ்.

ஒரு நாள் வரும்படி சராசரியாக 3 பென்ஸ். அதற்கு 42 பவுண்டு கரி சுமக்க வேண்டும், கிட்டத்தட்ட 19 கிலோ. செப்பாணியாகக் கிடைத்தால் 340 கிராம் போதும். கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத்தகடு அடிக்கும் இடத்துப் பக்கம் இவர்களை அண்டவிடாததற்குக் காரணம் இதுதான்.

கயிறு விஷயம் வேடிக்கை. ஈரமாக விற்றால் பவுண்டுக்கு அரை பென்னி, காய்ந்ததென்றால் முக்கால். காயவைத்தால் லாபம்போலத் தோன்றும். ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் நஷ்டம்! ஊறிய கயிற்றை எடுத்தவுடன் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.

வத்தம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். குளிர்காலத்தில் அது இருட்டு வேளையில் விழுந்தால் அன்றைய பிழைப்பில் மண். வெறுங்கால் வேறு, கண்ணாடிச்சில்லோ ஆணியோ ஏறினால் காயத்தைக் கட்டிக்கொண்டு திரும்பவும் சேற்றுக்குள்தான்.

*

ஜேக்கப் தீவின் வாய்க்கால் சிவப்பாகவும் ஓடியது. அதற்குத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களைச் சொல்ல வேண்டும். பெர்மாண்ட்சியில் மட்டும் சுமார் 30 இருந்தன. அவற்றை நம்பி இன்னொரு பிழைப்பு: நாய்ப்பீ பொறுக்குவது. ரோமம் நீக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோல் விறைத்திருக்கும். நாய்ப்பீயைக் கையால் தேய்த்தால் அதிலுள்ள நொதிகள் தோலை இளக்கும். தோலைச் சுத்தமாக்குவதால் சரக்கின் பெயரே ‘ப்யூர்’ (சுத்தம்)! வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ். காய்ந்து சுண்ணாம்பு நிறத்தில் இருந்தால் 1 ஷில்லிங் 2 பென்ஸ் (அதாவது 14 பென்ஸ்) வரை. ஆகவே பழஞ்சுவரின் காரையை உதிர்த்துக் கலந்து, உருட்டி விற்ற கலப்படக்காரர்களும் உண்டு. எதில்தான் கலப்படம் இல்லை.

*

மேஹ்யூ எழுதியதில் ஒரு திருத்தம். 1849 செப்டம்பரில், காலரா உச்சத்தில் இருந்தபோது அங்கே போன மேஹ்யூ, கதவுநிலைகளில் பூசிய வெள்ளை ஈயவண்ணம் கறுத்திருப்பதைக் காட்டி, காற்றே விஷம் என்று எழுதினார். வண்ணம் கறுத்தது உண்மை. அழுகலிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஈயத்தோடு சேர்ந்தால் கறுக்கத்தான் செய்யும். ஆனால் காலரா வந்தது நாற்றத்தால் அல்ல. அதே ஆண்டு டாக்டர் ஜான் ஸ்னோ, பக்கத்து ஹார்ஸ்லிடவுனில் ஒட்டியிருந்த இரண்டு முற்றங்களை ஒப்பிட்டார். வீட்டுக் கழிவுநீர் கிணற்றில் இறங்கிய முற்றத்தில் சாவுக்குமேல் சாவு, அடுத்ததில் ஒன்றே ஒன்று. நாற்றம் இரண்டுக்கும் பொதுதானே?

வாய்க்கால்களை 1850களில் தூர்த்தார்கள். 1861 தீவிபத்தில் வீடுகள் பலவும் போயின. குழாய்த்தண்ணீர் வந்ததும் தென்கரைக்குத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் என்ற குடிநீர்க் கம்பெனி பாட்டர்சீயில், ஓதம் எட்டும் இடத்திலேயே நீர் எடுத்தது. இன்னொன்றான லாம்பெத் கம்பெனி 1852இல் ஆற்றின் மேற்பகுதியில், ஓதம் எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு நகர்ந்துவிட்டது. 1854 கொள்ளைநோயில் 10,000 வீட்டுக்கு முதலாவதில் 315 சாவு, இரண்டாவதில் 37. பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாயும் ஓடின. தன் வீட்டுக்கு எது வருகிறது என்று குடியிருந்தவர்களுக்கே தெரியாது. ஸ்னோ அதைப் பிரித்தறிய உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைட்ரேட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். ஓதத்தோடு ஏறிவந்த கடலுப்பு சதர்க் தண்ணீரில் ஒரு கேலனுக்கு (சுமார் நாலரை லிட்டர்) 37.9 கிரெய்ன் (மிகச் சிறிய எடை அளவு), லாம்பெத்தில் 0.95. முன்னதில் உடனே வெள்ளையாகத் திரியும்.