நன்கொடையாளரும் தன்னார்வலரும் ஒரே குழுவில் இருக்கலாமா?

கேள்வி:
பழைய நூல்களும் அரும்பொருள்களும் கொண்ட நூலக அருங்காட்சியகம் ஒன்றுக்கு உதவ, நண்பர்கள் குழு ஒன்றைத் தொடங்க முயல்கிறோம். பணம் தருபவர்களும் நேரம் தருபவர்களும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெருந்தொகை தருபவரின் சொல்லே எடுபடும் என்று அஞ்சி, இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள் மற்றவர்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஒரே குழு போதும். ஆனால் பணம் எதற்குச் செலவாகும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தின் நண்பர்கள் சங்கம் 1897இல் தொடங்கப்பட்டது. இறந்த இயேசுவை மடியில் தாங்கிய மரியாளைக் காட்டும், 15ஆம் நூற்றாண்டின் அவிஞ்ஞோன் பியெத்தா ஓவியம் 1905இல் அச்சங்கத்தின் கொடையாகவே அங்கு வந்து சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திற்கும் 1925 முதல் இத்தகைய குழு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஓர் அரும்பொருளை வாங்குவதற்கென்றால் பணம் எளிதில் சேர்ந்துவிடும்; அமிலமற்ற பெட்டிகள், இராமபாணப்பூச்சிக்கு வைக்கும் பொறிகள், ஈரப்பதம் அளக்கும் கருவிகள், நூற்பட்டியல் தயாரிப்பவரின் ஊதியம் ஆகியவற்றுக்கென்றால் சேராது, ஏனெனில் பூச்சிப்பொறியின் மேல் தம் பெயரைப் பொறிக்க எவரும் விரும்புவதில்லை. எனவே, எந்த நன்கொடையிலும் ஒரு பங்கு நிபந்தனையின்றிப் பராமரிப்புக்குப் போகும் என்று விதி எழுதிவிடுங்கள்.

மறுமொழி 2:
சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தவன் என்ற முறையில் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் குழுவில் ஆர்வத்திற்குக் குறைவில்லை, பயிற்சிதான் இல்லை. நல்லெண்ணத்தோடு வந்த ஒருவர் கிழிந்த பக்கங்களைச் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டார். அந்தப் பசை நாளடைவில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு அதை நீக்குவது கிழிசலைச் சரிசெய்வதைவிடக் கடினம். வெள்ளைக் கையுறை அணிந்துதான் பழைய நூலைத் தொட வேண்டும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான்: கையுறை விரலின் உணர்வை மழுக்கி, தாள் கிழிய வழிவகுக்கும் என்பதால், பெரும்பாலான நூல்களுக்குக் கழுவி உலர்த்திய கையே போதும். புகைப்படங்களுக்கும் உலோகப் பொருள்களுக்கும் கையுறை தேவை. இவற்றைக் கற்பிக்கப் பணியாளர் ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும். தன்னார்வலர் வந்துவிட்டார் என்பதற்காக அந்தப் பணியாளரையே குறைத்துவிட்டால் குழுவே வீண்.

மறுமொழி 3:
உங்கள் குழுவில் மற்றவர்களின் அச்சம் நியாயமானது, ஆனால் குழுவைப் பிரிப்பதால் அது தீராது. பெருந்தொகை தருபவர் குழுவில் இல்லாமலே நேராக இயக்குநரின் அறைக்குச் செல்லக்கூடியவர். பணம் எங்கிருந்து வந்தாலும் காட்சியின் உள்ளடக்கம் அருங்காட்சியகத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை. ஒருவர் தம் சேகரிப்பைக் கொடையளித்து, அதை நிரந்தரமாகக் காட்சியில் வைக்கக் கேட்டால், இயலாது என்று பணிவாகச் சொல்லும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. அதையும் எழுத்து மூலமான கொடை ஒப்பந்தத்திலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சந்தா எவ்வளவாயினும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு, பராமரிப்புக்குத் தனிப் பங்கு, பயிற்சி முடித்த பின்னரே நூலறைக்குள் அனுமதி என்ற மூன்றையும் வரைவு விதிகளில் சேர்த்து, ஒரே குழுவாக முன்வைக்கப் போகிறேன். பங்கு எத்தனை விழுக்காடு என்பதில்தான் சண்டை வரும் என்று தோன்றுகிறது.